சிவக்காத வாளி

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தொன்று. சீடர் குருவை "தாயி" என்பார். குரு சீடரை "அண்ணாச்சி" என்பாள்.

குருவின் பெயர் மெர்லின். கோவில்பட்டியில் வீட்டிலிருந்தபடியே ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவள். சீடர் வேலாண்டி ஆசாரி நாற்பது வருஷம் இரும்பைக் காய்ச்சி அடித்தவர். இரும்பைப் பற்றி அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது. வீட்டில் வேறு எதைப் பற்றியும் யாரையும் அவர் வாய் திறக்க விட்டதில்லை, அது தனிக் கதை.

அன்று காலை ஓர் அலுமினிய வாளியோடு வந்து நின்றார். அடியில் விரல் நீளத்துக்கு விரிசல்.

"உன் மதினி எங்க கல்யாணத்துக்குக் கொண்டு வந்தது தாயி. அவ வர்றதுக்குள்ள நானே என் கையால பத்தவைக்கணும். சொல்லிக் குடு."

"எப்படி விரிஞ்சது?"

"வழியில வச்சிருந்தா. காலால ஒரு எத்து எத்துனேன்."

"மதினி என்ன சொன்னாங்க?"

"அவ என்ன சொல்லுவா? முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாள் அவ முகம் சிவந்து பாத்ததில்ல. வாளிய எடுத்து ஓரமா வச்சா. மறுநாள் தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறிட்டா."

மெர்லின் விரிசலைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்தாள். விரிசலில் உருக்கி ஒட்டுகிற பிரேசிங் கம்பி ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"தீய வாளிக்குக் காட்டுங்க, கம்பிக்குக் காட்டாதீங்க. கம்பியால விரிசலத் தொட்டுத் தொட்டுப் பாருங்க. வாளிச் சூட்டுலயே கம்பி உருகி ஓடும். ஓடுனதும் தீய எடுத்துரணும்."

"எனக்கா சொல்லுத? செவப்பப் பாத்தே சூடு சொல்லுறவன் நான்."

கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். நீலத் தீ சீறியது. பட்டறையில் நிற்கிற அதே மிடுக்கோடு நின்றார். வாளி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அண்ணாச்சி, தொட்டுப் பாருங்க."

"இன்னும் செவக்கல தாயி."

"செவக்காது. தொடுங்க!"

"அட, பொறு. செவக்கட்டும்."

மனுஷன் கேட்டால்தானே!

முன்கூட்டி ஒரு சத்தமும் இல்லை. விரிசலைச் சுற்றி வாளியின் அடி அப்படியே தொளதொளத்து, சிமெண்டுத் தரையில் சொத்தென்று விழுந்தது. மெர்லின் பாய்ந்து கேஸை அடைத்தாள்.

"ஏ ஆத்தாடி!" ஆசாரி துள்ளிப் பின்வாங்கினார். வாளியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

"செவக்கவே இல்லையே தாயி! வெள்ளையாத்தான இருந்துச்சு! நான் கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்!"

"இரும்பு சொல்லிட்டு உருகும் அண்ணாச்சி. இது சொல்லாது. விழுற நிமிஷம் வரைக்கும் எப்பவும்போலத்தான் இருக்கும்."

நாற்பது வருஷத் தொழிலில் இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை. சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"சரி விடுங்க, வேற வாளி வாங்கி வைக்கலாம்," என்றாள் மெர்லின். "மதினி என்னைக்கு வர்றாங்க?"

ஆசாரி வாசலைப் பார்த்தார்.

"எப்பவும் 'போயிட்டு வாரேன்'ம்பா," என்றார் மெதுவாக. "அன்னைக்கு 'போறேன்'னா."

மெர்லின் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மருந்து டப்பா, கண்ணாடி எல்லாம் எடுத்துக்கிட்டா. மார்கழிக்குப் போத்துற கம்பளியையும் எடுத்து வச்சா. இந்தச் சித்திரை வெயில்ல கம்பளி எதுக்குட்டின்னு கேட்டேன். சிரிச்சா. முகம் எப்பவும்போலத்தான் இருந்துச்சு தாயி."

ஆசாரி ஓட்டையைக் காட்டிக் கேட்டார்.

"இப்படி மொத்தமா விழுறதுக்கு முந்தி ஒரு அடையாளமும் காட்டாதா?"

"கண்ணுக்குக் காட்டாது. தொட்டுத் தொட்டுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும் அண்ணாச்சி. கம்பி உங்க கையிலதான் இருந்துச்சு."

ஆசாரி குனிந்து பார்த்தார். கம்பி இன்னும் கையில்தான் இருந்தது. முனைகூட உருகவில்லை.