பொந்துக்குள் போன களவா

நம்புகிறவர் கேட்டுக்கொள்ளுங்கள். நம்பாதவர் காற்று ஓய்ந்த நாளாகப் பார்த்து ஒருமுறை கடலுக்குப் போய் வாருங்கள். பிறகு என்னோடு சண்டைக்கு வரலாம்.

சிப்பிக்கரையில் சந்தியாகு என்று ஒருவர். கரைவலை இழுப்பதில் அவர்தான் முதல் கை. மணலில் குதிகாலை ஊன்றி அவர் ஒரு 'ஏலேலோ' போட்டால் கடலே கொஞ்சம் கரைக்கு வந்துவிட்டுத் திரும்பும் என்பார்கள். ஊர் வாய்தானே, சொல்லும்.

அதே ஊரில் கயித்தான். சந்தியாகுவைவிட வயதில் இளையவன். தனியாக வள்ளத்தில் போய்க் களவா பிடிப்பான். களவா பாறைக்குள் குடியிருக்கிற மீன். வலைக்கு அகப்படாது, தூண்டில்தான் வேண்டும். எப்போது பார்த்தாலும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே இருப்பதால் ஊரார் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அவன் வெறுங்கையோடு கரையேறி யாரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் சந்தியாகு அவனைத் தேடி வந்தார். கயித்தான் வள்ளத்து நிழலில் படுத்திருந்தான்.

"தம்பி, எனக்குக் களவா பிடிக்கக் கத்துக்கொடு."

"திடீர்னு எதுக்கு அண்ணே?"

"பிலோமிக்கு."

கயித்தான் மேலே கேட்கவில்லை. விஷயம் ஊருக்கே தெரியும். பிலோமி சந்தியாகுவின் ஒரே மகள், தாய் இல்லாத பிள்ளை. போன வாரம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அவள் உள் அறையை விட்டு வரவில்லை. சந்தியாகுவே உள்ளே போனார். மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து சபையில் நிறுத்தினார். கண்ணாடி வளையல் உடைந்து தரையெல்லாம் சிதறியது. மறுநாள் விடியும்போது பிலோமி தன் சித்தி ரெஜினா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் இவர் ரெஜினா வீட்டு வாசலில் நின்று, "வெளியே வாடி" என்று கத்துவார். முதல் நாள் வாசல் கதவைச் சாத்தினார்கள். அடுத்த நாள் உள் கதவுக்கும் தாழ் விழுந்தது. இவரோ மாப்பிள்ளை வீட்டுக்கு, "ஞாயித்துக்கிழமை வாங்க, பேசி முடிச்சிடலாம், பொண்ணு இருப்பா" என்று வாக்கே கொடுத்துவிட்டார்.

"களவாத் தலைக் குழம்புன்னா அவளுக்கு உசிரு. பெருசா ஒண்ணு கொண்டுபோய் நின்னேன்னா கதவைத் திறப்பா" என்றார் சந்தியாகு.

"திறக்கலைன்னா?"

"திறக்க வைப்பேன்."

கயித்தான் அவருடைய கைகளைப் பார்த்தான். காய்த்துப் போன, அகலமான கைகள்.

"நாளைக்கு விடியக் காலையில வாங்க" என்றான்.

மறுநாள் கடல் கடலாகவே இல்லை. எங்கும் வெள்ளைப் பனி. தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. துடுப்புச் சத்தம்கூட வேறு யாரோ தூரத்தில் போடுவதுபோல் கேட்டது. மாதா கோயில் மணிச் சத்தம் தண்ணீருக்கடியிலிருந்து எழுந்து வந்தது. சந்தியாகுவுக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு மயக்கம்.

ஒரு கணம் பனி விலகியது. கரையில் கோயில் சிலுவை ஒற்றைப் பனைக்குப் பின்னே போய் ஒளிந்துகொண்டது. அந்த அடையாளத்தைப் பார்த்துக் கயித்தான் நங்கூரக் கல்லை இறக்கினான்.

"இதுக்குக் கீழே பாறை. நீரோட்டம் நிக்கிற நேரம் இது. இரை உயிரோட இருக்கட்டும். ஈயக் குண்டு தரையைத் தொட்டதும் ஒரு முழம் தூக்கிப் பிடிங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"மீதியை மீன் சொல்லிக்கொடுக்கும்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் ஈயம் பாறை இடுக்கில் மாட்டியது. சந்தியாகு இழுத்தார். தூண்டில் நரம்பு அறுந்தது. வேறு கட்டினார். இந்தத் தடவை களவாவே கடித்தது. கை கீழே போனது. விடுவாரா? வள்ளத்து விளிம்பில் காலை உதைத்துக்கொண்டு ஒரே இழுப்பு. மீன் பொந்துக்குள் புகுந்துவிட்டது. அவர் இழுக்க இழுக்க அது இறுகியது. நரம்பு உள்ளங்கையை அறுத்து ரத்தம் வந்தது. கடைசியில் படீரென்று அறுந்து, மனுஷர் மல்லாந்து விழுந்தார்.

"நல்ல வாத்தியார்டா நீ! மீன் போகுது, தூங்கிக்கிட்டு இருக்கே!"

"தூங்கலை. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பின்னே ஏன் சொல்லலை?"

"உங்க வலையில வர்ற மீனுக்கு வீடு கிடையாது அண்ணே. இது வீட்டுக்குள்ள இருக்கிற மீன். இழுத்தா செவுளை விரிச்சு, முள்ளைக் குத்தி அங்கேயே உட்காந்துக்கும்."

"அப்போ என்னதான் செய்யறது?"

கயித்தான் புதிய தூண்டிலைக் கட்டி அவர் கையில் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு களவா கடித்தது. அதுவும் பொந்துக்குள் ஓடியது. சந்தியாகுவின் தோள் முறுக்கிக்கொண்டது.

"தளர விடுங்க" என்றான் கயித்தான்.

"ஓடிடுமே!"

"எங்கே ஓடும்? அது வீட்ல இருக்கு. தளர விடுங்க. நரம்பைக் கையை விட்டு மட்டும் விட்டுடாதீங்க. விரல் மேல கிடக்கட்டும்."

விட்டார். நரம்பு தொய்ந்து தண்ணீரில் கோணல்மாணலாக மிதந்தது. பெற்ற பிள்ளையை ஆற்றோடு விட்டதுபோல் இருந்தது அவருக்கு. வள்ளம் மெல்ல, தானாகவே திரும்பியது. கீழே பார்த்தால் மேகம், மேலே பார்த்தாலும் மேகம்.

"எவ்வளவு நேரம் தம்பி?"

"அதுக்குத்தான் தெரியும்."

சும்மா இருக்கும் கை அவருக்குப் பழக்கமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பனியில், அந்த உள்ளங்கையில், ஒரு மணிக்கட்டின் சூடு வந்து உட்கார்ந்தது. வளையல் நொறுங்கும் சத்தம் கேட்டது. வலிக்குதுப்பா என்று அவள் அன்றைக்குச் சொன்னாள். சபை முன்னே அது அவர் காதில் ஏறவே இல்லை. இப்போது ஏறியது. அழுகை வந்தது. மறைக்கவில்லை. நடுக்கடலில் இந்தத் தூங்குமூஞ்சியைத் தவிர யார் பார்க்கப் போகிறார்கள்?

விரல் மேல் நரம்பு லேசாக அசைந்தது. அவர் தோள் எழும்பியது. கயித்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இழுக்காதீங்க. தலையை மட்டும் நீட்டிப் பார்க்குது."

மறுபடி அசைந்தது. மறுபடி சும்மா இருந்தார்கள். பிறகு நரம்பு நகர்ந்தது, பொந்தை விட்டு, பாறையை விட்டு, வெளியே.

"இப்போ."

மேலே வந்தது பெரிய களவா. வள்ளத்தில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சந்தியாகு அதன் கண்ணையே பார்த்தார்.

"ஒண்ணும் இல்லைன்னு நம்பித்தானே வெளியே வந்துச்சு?"

"ஆமா."

"நான் இழுத்துட்டேனே."

"வாயில கொக்கி இருந்துச்சே அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கயித்தான் நங்கூரக் கல்லைத் தூக்கினான்.

அன்று ரெஜினா வீட்டு வாசலில் சந்தியாகு கத்தவில்லை. மீனை ரெஜினா கையில் கொடுத்தார்.

"அவளைக் கூப்பிடலையா அத்தான்?" ரெஜினாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"இல்லம்மா. மீனைக் கொடுக்கத்தான் வந்தேன்."

திரும்பி நடந்தார். உள்ளே ஒரு தாழ்ப்பாள் நகர்ந்தது மாதிரி இருந்தது. நின்று பார்க்க ஆசைதான். பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து தன் வாசல் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் படுத்தார்.

அடுத்த நாள் மத்தியானம் கயித்தான் வள்ளத்து நிழலில் கிடந்தபோது மணல் அதிர யாரோ ஓடி வருவது கேட்டது. சந்தியாகு. இரண்டு கையிலும் ஒரு மண்சட்டி.

"தம்பி, அசையுது! அசையுது தம்பி!"

சட்டியைத் திறந்தார். களவாத் தலைக் குழம்பு. தலையில் சரிபாதி.

"அவளே வச்சாளாம். அப்பாவுக்குப் பாதின்னு சொல்லி ரெஜினாகிட்டே கொடுத்து அனுப்பியிருக்கா. நான் இன்னும் தொடலை. நேரா உன்கிட்டே ஓடி வர்றேன்."

கயித்தான் ஒரு கண்ணைத் திறந்து முகர்ந்தான். "புளி பதமா இருக்கு."

"கதவைத் திறந்துட்டாளாம், வாசல் வரைக்கும் வந்தாளாம்! இப்போ போய்க் கூப்பிடட்டுமா? மெதுவாத்தான். கையைத் தொடக்கூட மாட்டேன். சத்தியமா."

கயித்தான் எழுந்து உட்கார்ந்தான். மணலைத் தட்டிக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்களா?"

சந்தியாகுவின் முகம் மாறியது.

"வாக்குக் கொடுத்துட்டேனே தம்பி."

"பொண்ணு இருப்பான்னு?"

"ஆமா."

சட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கயித்தான் மறுபடி வள்ளத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்போ நீங்க தளர விட்டது நரம்பைத்தான் அண்ணே. கொக்கி இன்னும் நுனியிலேயே இருக்கு."