ஒரு புகாரும் வரவில்லை

தான் வைத்த ஒரு பெயரைத் தானே ஒழித்துக்கட்ட அனுமதி கேட்டு வந்திருந்தார் ஞானாபரணம்.

நாகர்கோவிலில், ஒரு காலத்தில் முந்திரி ஆலையாக இருந்த கட்டடத்தின் மேல்மாடியில் இணைய உலாவி ஒன்றைப் பராமரிக்கும் சிறு குழு இருந்தது. உலகத்தில் யார் யாரோ எழுதிய பக்கங்கள் அந்த உலாவியிடம் வேலை ஏவும். படம் காட்டு, நேரம் சொல், ஒலி எழுப்பு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர். பெயரைச் சொன்னால் உலாவி செய்யும். எந்தப் பெயர் இருக்கலாம், எது போகலாம் என்பதில் கடைசிச் சொல் பகவதியுடையது.

பகவதி வயதில் இளையவர். ஞானாபரணத்துக்கு ஐம்பது கடந்து தலை பாதி நரைத்துவிட்டது. என்றாலும் இந்த வேலையை அவர் பகவதியிடம்தான் கற்றார். அதை மறைத்ததும் இல்லை. டீ கொண்டுவருகிறவர்கூட, "சிஷ்யப்பிள்ளைக்குச் சீனி போடலாமா, குருகிட்ட கேக்கணுமா?" என்று சீண்டுவார். அவரும் சிரித்துவைப்பார்.

ஒரு சிரிப்பை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை. பல வருடங்களுக்கு முன், ஒரு பக்கம் திரையில் மறைந்து கிடந்தாலும் அது ஒலி எழுப்ப ஒரு வழி செய்து, அதற்கு 'அவசரமணி' என்று பெயர் வைத்தார். பெயர் வெளியே போயிற்று. போன வேகத்தில் சூதாட்டப் பக்கங்களும் பட்டாசு விற்கும் பக்கங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. வெளிநாட்டில் நடந்த கூட்டம் ஒன்றில் ஒருவர் எழுந்து, இதில் எது அவசரம், எங்கே மணி என்று கேட்டார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் ஞானாபரணத்தின் காதை விட்டு இறங்கவில்லை.

இப்போது அதே வேலைக்குப் 'பின்னொலி' என்ற சரியான பெயர் வந்துவிட்டது. பழையது போய்விட்டால் போதும். ஓய்வு பெறுமுன் அதை மட்டும் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தார்.

"எச்சரிக்கை போட்டாச்சா?" என்று கேட்டார் பகவதி.

"ஒரு வருஷமா ஓடுது மேடம். பழைய பேரைக் கூப்பிடுற எல்லாப் பக்கத்துலயும். வாக்கியத்தை நானே எழுதினேன்."

"சோதனை?"

அதுவும் ஆயிற்று என்றார். உலகமெங்கும் குலுக்கலில் விழுந்த கொஞ்சம் கணினிகளில் மட்டும் பழைய பெயரை மறைத்து வைப்பார்கள். அதனால் எங்காவது ஏதாவது நின்றுபோனால் யாராவது புகார் எழுதுவார்கள். முடிவு எடுக்கும்வரை மறைத்தது மறைத்தபடியே இருக்கும். வாரக்கணக்கில் காத்திருந்து பார்த்தாயிற்று என்று விளக்கிவிட்டு, ஞானாபரணம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு புகாரும் வரலை மேடம்."

பகவதி பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டியது. ஞானாபரணம் காத்திருந்தார். வேறு கேள்வி வரும் என்று பார்த்தார், வரவில்லை. மெல்ல எழுந்து தன் இருக்கைக்குப் போய், பழைய பெயரை எல்லாக் கணினிகளிலிருந்தும் நீக்கும் ஆணையை எழுதி முடித்தார். சாயங்காலம் அதை பகவதியின் திரைக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே தானும் போய் நின்றார். ஒரு விசையைத் தட்டினால் முடிந்தது.

"நான் சரின்னு சொன்னேனா, சார்?"

"வேண்டாம்னு சொல்லலையே மேடம்."

பகவதி ஆணையை ஓரமாக ஒதுக்கி வைத்தார். உதவிப் பக்கத்தில் யாரோ தமிழில் ஒரே ஒரு வரி எழுதியிருப்பதாகச் சொன்னார். பேச்சிப்பாறைப் பக்கம், கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் இல்லம். கணினியில் மணிச் சத்தம் கேட்கவில்லையாம். ஸ்பீக்கர் கோளாறு என்று யாரோ அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

"போய்ப் பார்த்துட்டு வாங்க."

"ஸ்பீக்கர் மாத்தவா மேடம், நான் போகணும்?"

"நீங்கதான் போகணும்."

மறுநாள் காலை பஸ்ஸில் ரப்பர் தோட்டங்கள் வழியே போகும்போது ஞானாபரணத்துக்கு மனசு கசந்தது. தண்டனையா இது? கேட்டதில் என்ன குற்றம்? முறைப்படி ஒவ்வொரு படியாக ஏறித்தானே வந்தேன்? ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்கவில்லையே. சாளரத்தில் தெரிந்த தன் முகத்திடமே அதைக் கேட்டுக்கொண்டு போனார்.

இல்லம் சிறியது. வாசலில் அவரை எதிர்கொண்டவர் ரோஸ்லெட், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். நீளமான ஓர் அறை வழியாக அழைத்துப்போனார். இரு பக்கமும் கட்டில்கள். ஒரு முனகல்கூட இல்லை. எல்லாரும் தூங்குகிறார்கள் என்று நினைத்து ஞானாபரணம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் பார்த்தார். எல்லாரும் விழித்திருந்தார்கள். எல்லாக் கண்களும் அவர்மேல் இருந்தன. ஒருவர் மட்டும் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

அத்தனை பேருக்கும் தொண்டையில் புற்று. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தது.

ரோஸ்லெட் ஒரு காலிக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய சுவிட்சை அழுத்தினார். கட்டிலுக்குமேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த அறைக்குப் போய்க் கணினியைக் காட்டினார். திரையில் அந்தக் கட்டிலின் எண் விட்டுவிட்டு மின்னியது.

"எல்லாம் செரியாத்தான் இருக்கு. சத்தம் மட்டும் வரல. கொஞ்ச நாளா இப்பிடியாக்கும்."

ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. ஞானாபரணம் பக்கத்தைத் திறந்து வைத்தபடியே, அதை எழுதியவர்கள் மட்டும் பார்க்கும் உள்தட்டைத் திறந்தார். சிவப்பில் ஒரு வரி இருந்தது. 'அவசரமணி: அப்படி ஒன்று இல்லை.'

அவர் கை விசைகளின்மேல் அப்படியே நின்றது. குலுக்கலில் இந்தக் கணினி விழுந்திருக்கிறது. அதற்கு முன்னால், ஒரு வருடம், இதே இடத்தில் அவருடைய வாக்கியம் வந்திருக்கும். இந்தப் பெயர் விரைவில் நீக்கப்படும், அன்புகூர்ந்து புதிய பெயரைப் பயன்படுத்துங்கள். 'அன்புகூர்ந்து' என்பதை அவர் யோசித்து யோசித்துச் சேர்த்திருந்தார்.

இந்த இடத்தை எப்போதாவது பார்த்ததுண்டா என்று ரோஸ்லெட்டிடம் கேட்டார்.

"இப்பிடி ஒண்ணு உள்ள இருக்குன்னே இப்பத்தான் சார் பாக்கேன்."

பக்கத்தை எழுதியவன் யார் என்று விசாரித்தார். பங்குச் சாமியாரின் தங்கை மகன். இப்போது கப்பலில் வேலை. எந்தக் கடலில் இருக்கிறான் என்று அவன் அம்மாவுக்கே தெரியாது. போகும்போது, அவசரமணி என்று பேரே இருக்கிறது, இது கைவிடாது என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

ஞானாபரணம் பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதினார். ஒரு சொல்தான். முடித்துவிட்டு, இப்போது அழுத்துங்கள் என்றார்.

ரோஸ்லெட் நீண்ட அறைக்குப் போய் அதே சுவிட்சை அழுத்தினார். மணி அடித்தது. பின்னாலேயே வந்த ஞானாபரணம் வாசலில் நின்று பார்த்தார். படுத்திருந்த அத்தனை தலைகளும் அந்தக் காலிக் கட்டிலின் பக்கம் திரும்பின.

ரோஸ்லெட் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு சொன்னார். அது தாசையன் என்பவரின் கட்டில். ரப்பர் பால் வெட்டுகிறவர். போன வாரம் மத்தியானம் குழாயில் சளி அடைத்துக்கொண்டது. உறிஞ்சி எடுத்தால் சரியாகிவிடும், எத்தனையோ தடவை எடுத்ததுதான். ரோஸ்லெட் அப்போது குளியலறையில் வேறொருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது தாசையனின் கட்டைவிரல் சுவிட்சின்மேல் அப்படியே இருந்தது. தலைக்குமேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஞானாபரணம் கேட்டிருக்கக் கூடாத ஒன்றைக் கேட்டார். "யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

ரோஸ்லெட் அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கூப்பிட முடிஞ்சா அவருக்கு சுவிட்ச் எதுக்கு சார்?"

மற்றவர்கள் பார்க்கவில்லையா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ரோஸ்லெட் அதையும் தானாகவே சொன்னார்.

"பாத்தாங்க. எந்திரிக்கக் கூடியவங்க யாரு இருக்கா? அவங்கவங்க சுவிட்சை அழுத்தியிருக்காங்க. நான் அப்புறம் போயி ஸ்கிரீனைப் பாக்கேன், எல்லா நம்பரும் மின்னிக்கிட்டு கிடக்கு."

தவறு தன்னுடையதுதான் என்றார் ரோஸ்லெட். தண்ணீர் சத்தத்தில் மணி கேட்காமல் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாராம்; மணியே அடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்ததாம். குளியலறைக் கதவைச் சாத்தியிருக்கக் கூடாது. எட்டியாவது பார்த்திருக்க வேண்டும். தாசையனின் மனைவி வந்து, நீ எங்கட்டி போன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாராம்.

உங்கள் தவறு இல்லை என்று சொல்ல ஞானாபரணம் நினைத்தார். அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார்.

வாசல்வரை வந்த ரோஸ்லெட், இவ்வளவு தூரம் வந்து சரிசெய்து தந்தீர்கள், நல்லா இருப்பீங்க என்று கும்பிட்டார். ஞானாபரணமும் கும்பிட்டார். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

வரும் வழியில் ரப்பர் மரங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மரத்திலும் வெட்டுத் தழும்பும் அதன் கீழே பால் பிடிக்கும் ஒரு சிரட்டையும் இருக்கும் என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டார்.

அலுவலகத்துக்குள் நுழைந்தபோது டீக்காரர் எதையோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்ததும் தம்ளரை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்தார். ஞானாபரணம் நேராக பகவதியின் அறைக்குப் போய் எதிரே உட்கார்ந்தார்.

"ஸ்பீக்கரா?" என்று கேட்டார் பகவதி.

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"மணி அடிக்குதா இப்போ?"

ஆமென்று தலையசைத்தார்.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

ஞானாபரணம் பகவதியின் முகத்தைப் பார்த்தார். அதன்பின் மேசையைப் பார்த்தார். தலை அசையவில்லை.

பகவதி வெகுநேரம் காத்திருந்தார். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்பது அவர் முகம் வெளுத்ததில் தெரிந்தது. பிறகு, நேற்று ஒதுக்கி வைத்த ஆணையைத் திரைக்குக் கொண்டுவந்தார். திரையை ஞானாபரணம் பார்க்கும்படி திருப்பினார். உலகத்திலுள்ள எல்லாக் கணினிகளிலிருந்தும் 'அவசரமணி' நீங்கும் என்று அதில் இருந்தது. கீழே ஞானாபரணத்தின் பெயர். பகவதியின் விரல் விசைக்குமேல் போய் நின்றது.

"வந்ததிலிருந்து நீங்க ஒரு வார்த்தை சொல்லலை, சார்," என்றார் பகவதி. "சம்மதம்னு எடுத்துக்கட்டுமா?"

ஞானாபரணம் வாயைத் திறந்தார். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. அவருடைய கட்டைவிரல் மட்டும் மேசையின் விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்தது.