அடுப்படிக்குப் போன குரல்

சத்தியம், சத்தியம், சத்தியம். என் வாயில் மிச்சமிருப்பது மூன்று பல். பல்லுக்கொரு சத்தியம் வைத்துவிட்டேன். இனி இதில் ஒரு சொல் பொய் என்றால் ஆயுசு முழுக்கக் கஞ்சி குடிக்கச் சம்மதம்.

தென்காசிப் பக்கம் மாடக்கண்ணு என்று ஒருவர். வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷம் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். ஒரு தடவை புளியமரத்தில் அவர் கட்டிய குழாய் வாயைத் திறந்ததும், மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாக மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போய்விட்டன. இன்றுவரை திரும்பவில்லை. அங்கேயே ரேஷன் கார்டு வாங்கிவிட்டதாகக் கேள்வி.

அப்பேர்ப்பட்டவர், மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மேசை அகல மிக்சர்கள் வந்த பிறகு, தொழிலைப் புதிதாகக் கற்க, மைக்செட் நடத்தும் உலகம்மாளிடம் சீடராகச் சேர்ந்தார். உலகம்மாளுக்கு முப்பத்தொரு வயது. அவர் "குரு" என்று கூப்பிடுவார். அவள் "சும்மா இருங்க அண்ணாச்சி" என்பாள். அதற்கு மேல் அதிகம் பேசமாட்டாள்.

மிக்சரில் எல்லாம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஓரத்தில் மேட்ரிக்ஸ் என்று எழுதியிருந்த, சத்தத்தை ஏற்றி இறக்கும் எட்டு ஃபேடர்கள்தான் பிடிபடவில்லை.

"எல்லா மைக்கும் மெயினுக்கு வந்தாச்சு. மெயின் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போயாச்சு. பொறவு இது எதுக்கு குரு?"

"மெயின்ல கலந்ததை எடுத்து, எடத்துக்குத் தக்கன அனுப்புறதுக்கு."

"ஒரே குரல். எல்லாருக்கும் ஒண்ணுபோலக் குடுக்கதுதான நியாயம்? ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைய... ஓரவஞ்சனையில்லா?"

உலகம்மாள் மைக் வயரைச் சுற்றி முடித்தாள்.

"ஞாயித்துக்கெழம பள்ளிக்கூட விழாவுக்கு நீங்களே மிக்சர்ல உக்காருங்க."

மாடக்கண்ணுவுக்கு வேர்த்துவிட்டது. அன்று அங்கே பட்டிமன்றம். அதில் அவர் மகள் வள்ளிமயில் முதன்முதலாகப் பேசுகிறாள்.

வள்ளிமயில் அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். பேச்சு நிதானம். ஒரு சொல்லை எடுத்து, திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் வைப்பாள். அப்பாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "அப்பா, எனக்கு..." என்று அவள் தொடங்கினால், "தலைவலியா? மாத்திரை அலமாரியில இருக்கு" என்று முடித்துவிடுவார். அவள் கேட்க வந்தது பேனாவாக இருக்கும். பட்டிமன்றப் பேச்சையும் அவரே எழுதி மனப்பாடம் பண்ண வைத்திருந்தார்.

மனைவி பிச்சம்மாளுக்கு அன்று இரண்டாயிரம் பேருக்குச் சமையல். அடுப்பை விட்டு நகர முடியாது.

"பிள்ளை பேசுறது எனக்குக் கேக்கணும்," என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். "கேக்கலன்னா ஒரு மாசத்துக்கு உங்களுக்குச் சோறு கெடையாது."

அந்த மைதானம் லேசுப்பட்டதில்லை. மேடையில் வெயிலடிக்கும்போது அடுப்படியில் சாரல் விழும். அவ்வளவு நீளம். மேடைப் பெட்டிகள் போக, முன்வரிசைக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று என்று தனிப் பெட்டிகளுக்கும் வயர் இழுத்திருந்தார்கள்.

பட்டிமன்றம் தொடங்கியது. 'வீட்டில் நிம்மதி பேசுவதாலா, பேசாமல் இருப்பதாலா' என்பது தலைப்பு. ஐந்தாவது நிமிஷம் மாடக்கண்ணுவின் போன் அடித்தது. பிச்சம்மாள்.

"ஒரு எழவும் கேக்கல!"

அவர் மெயினை ஏற்றினார். முன்வரிசையில் பழைய தலைமையாசிரியர் காதுக் கருவியைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். மெயினை இறக்கினார். மறுபடி போன். மறுபடி ஏற்றினார். மைக் ஊளையிட்டது.

"மைக்கண்ணே, நான் நடுவர்தான். எதிரி இல்ல," என்றார் நடுவர். கூட்டம் சிரித்தது. மாடக்கண்ணுவின் பனியன் முழுக்க நனைந்தது.

உலகம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."

"இன்னும் ரெண்டு பேர் பேசுனா எம் மவ! இப்ப என்ன சாப்பாடு?"

"நாலு வாய் போதும்."

குரு சொல்லைத் தட்டக்கூடாதே என்று ஓடினார். அடுப்படியில் பிச்சம்மாள் ஓர் அண்டா சாம்பாரிலிருந்து வாளி வாளியாகக் கோரி ஊற்றிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகள் பந்திக்கு ஒரு வாளி. அதில் ஒரு செம்பு வெந்நீர். மேளக்காரர்களுக்கு ஒரு வாளி. அதில் வறுத்த மிளகாய் வற்றல். தலைமையாசிரியருக்கு ஒரு தூக்குச்சட்டி. கடுகு, தோல் எதுவும் பல்லிடுக்கில் போகாதபடி வடிகட்டியது.

"இத்தனை வாளி எதுக்குட்டி? அண்டாவுலயே உறைப்பைக் குறைச்சிர வேண்டியதுதான?"

பிச்சம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"குறைச்சா மேளக்காரரு குச்சியோட வருவாரு. கூட்டுனா பிள்ளைக அழும். அண்டாவுல எதுக்குக் கை வைக்கணும்? வாளியில பாத்துக்கிட வேண்டியதுதான்."

நான்காவது வாய் உள்ளே போகவில்லை. எச்சில் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மாடக்கண்ணு திரும்ப ஓடினார்.

மெயினை அதன் இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. மேட்ரிக்ஸ் பக்கம் வந்தார். முன்வரிசைப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கினார். அடுப்படிப் பெட்டியை ஏற்றி, அடுப்பு இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரிக் குரலைக் கூராக்கினார். தலைமையாசிரியர் காதுக் கருவியை எடுத்து ஊதி மறுபடி மாட்டிக்கொண்டார்.



வள்ளிமயில் எழுந்து மைக் முன்னால் வந்தாள். வணக்கம் சொன்னாள். போன் அடித்தது.

"ஏங்க, பிள்ள ஒவ்வொரு சொல்லையும் ரெண்டு தடவ சொல்லுதா! நல்லா ஒருக்க, மங்கலா ஒருக்க. பயந்துட்டாளோ?"

மாடக்கண்ணுவின் முகம் வெளுத்துவிட்டது. உலகம்மாள் கையை நீட்டி, அடுப்படிக்குப் போகும் மேட்ரிக்ஸில் ஒரு குமிழைத் திருகி, திரையில் ஓர் எண்ணைக் கூட்டினாள்.

"என்ன பண்ணுதீங்க குரு?"

"அங்க போற குரலைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கேன்."

"பிடிச்சு வைக்கீங்களா? பெத்தவ காத்துக் கெடக்கா. வேகமா அனுப்பணும்லா!"

"வேகமாப் போனதுதான் கோளாறு. வயர்ல போறது முந்திருது. மேடையில இருந்து உங்க மவ குரல் காத்துல நடந்து வரணும், முந்நூறு அடி. அது வந்து சேருற மட்டுக்கும் பெட்டி வாயை மூடிட்டு நிக்கணும்."

மேடையில் வள்ளிமயில் நின்றுவிட்டாள்.

அடுத்த வரி மாடக்கண்ணுவுக்குத் தெரியும். அவர் எழுதியதுதானே. மிக்சர் பக்கத்தில், மேடைக்கு மட்டும் கேட்கும் சின்ன மைக் ஒன்று இருந்தது. அதை எடுத்தார். பொத்தானை அமுக்கினார். வாயைத் திறந்தார்.

உலகம்மாள் அவரைத் தடுக்கவில்லை. தான் கூட்டிய எண்ணைப் பார்த்தபடி இருந்தாள். அவரும் அதைப் பார்த்தார்.

வாய் திறந்தபடியே இருந்தது. சொல் வரவில்லை. அந்த நேரத்துக்குள் கேரளத்துக் காக்கைகள் மனசு வைத்திருந்தால் திரும்பி வந்து கூடு கட்டி முட்டையும் இட்டிருக்கலாம்.

வள்ளிமயில் தலையை நிமிர்த்தினாள்.

"எங்க வீட்ல நான் பேச ஆரம்பிச்சா, முதல் சொல்லு மட்டுந்தான் என்னோடது. மிச்சம் பூரா எங்க அப்பாவோடது." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னைக்கு மிச்சத்தையும் நானே சொல்லப் போறேன்."

அவர் எழுதியதில் அது இல்லை.

பந்தல் குலுங்கிச் சிரித்தது. அதே நொடியில் அடுப்படியிலிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. பிச்சம்மாள் கரண்டியால் அண்டாவைத் தட்டும் சத்தமும் சேர்ந்து வந்தது. அங்கே இப்போது சொல் இரண்டாக விழவில்லை.

மாடக்கண்ணு பொத்தானிலிருந்து விரலை எடுத்து மைக்கைக் கவிழ்த்து வைத்தார். மகள் பேசி முடிக்கிறவரை அவர் உதடு அசையவில்லை. கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் கேட்டார்.

"எவ்வளவு பிடிச்சு வச்சீங்க குரு?"

"அடுப்படிக்குக் கால் வினாடிக்குக் கொஞ்சம் கூட," என்றாள் உலகம்மாள். "வீட்டுக்கு எவ்வளவுன்னு நீங்கதான் அளந்து பாக்கணும் அண்ணாச்சி."

மாடக்கண்ணு மைக் வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

இதை நாலு பேரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். மூன்று பல் மிச்சமிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு வடிகட்டிய சாம்பார் அனுப்புகிற ஒரே வீடு அதுதான். அதையும் கெடுத்துவிடாதீர்கள்.