ஆவுடையின் அங்க அடையாளம்

"டீச்சர், நான் மேடைக்குப் பின்னால இருந்து பாடட்டுமா?" என்று கேட்டாள் ஆவுடை.

சுருதிப்பெட்டியின் மூச்சு நின்றது.

"பின்னால இருந்தா? எதுக்கு?"

"மைக்தான் இருக்குல்லா டீச்சர். எல்லாருக்கும் கேக்கும்."

"கேக்கும். பாக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

காந்திமதி டீச்சர் சிரித்தார். "ஒன்ன மாதிரி இருக்க பிள்ளை சொல்லுத பேச்சாட்டி இது? அந்தக் கழுத்தும் சடையுமா நீ நடந்து வந்தாலே பாதிக் கைத்தட்டு விழுந்துரும்."

ஆவுடை தரையைப் பார்த்தாள்.

*

டீச்சருக்குக் கண் தெரியாது. நாலு வயதில் அம்மை போட்டபோது போனது. இப்போது முப்பத்தைந்து இருக்கும். ஊரில் பாட்டுப் படிக்க வேண்டும் என்றால் அவரிடம்தான் போக வேண்டும்.

ஆனால் ஆவுடை அவரைத் தேடிப் போனது பாட்டுக்காக மட்டும் இல்லை. தன்னைப் பார்க்காத ஒருவர் முன்னால் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாமே என்றுதான் போனாள்.

அவளுக்குப் பதினாறு வயது. வீட்டில் அத்தை, "தாவணிய இழுத்து மூடு" என்பாள். இழுத்து மூடினால், "இன்னும் பூசணிக்கா மாதிரி தெரியுத" என்பாள். பஸ் ஸ்டாண்டு முக்கில் நிற்கிற பையன்கள், "லோடு வருதுடே, வழி விடுங்க" என்பார்கள். அவள் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து, சுவரோரமாக நடப்பாள். சுவர் கொஞ்சம் உள்ளே தள்ளி இடம் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும்.

முதல் நாள் டீச்சர் கேட்டது ஒரே கேள்வி.

"நீ எப்படி இருப்ப?"

"புரியல டீச்சர்."

"பாக்க எப்படி இருப்பன்னு கேக்கேன். நெட்டையா, குட்டையா, கறுப்பா, செவப்பா? நான் சொல்லிக் குடுக்குதது யாருகிட்டப் போகுதுன்னு எனக்கு ஒரு உருவம் வேணும்லா."

ஆவுடை வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஊரெல்லாம் அவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. அவள் வாயால் அவள் சொன்னதே இல்லை. அது அங்கேயே நின்றுகொண்டது. பதிலுக்கு, வகுப்பில் முன் பெஞ்சில் உட்காரும் சுகந்தி வெளியே வந்தாள்.

"ஒல்லியா இருப்பேன் டீச்சர். உயரம். கழுத்து கொஞ்சம் நீளம். சடை இடுப்புக்குக் கீழ வரும். சிரிச்சா எடது கன்னத்துல குழி விழும்."

"பல்லு?"

"வரிசையா இருக்கும்."

"அடேயப்பா," என்றார் டீச்சர்.

அந்த அடேயப்பா ஒரு வாரம் இனித்தது. அதன் பிறகு செரிக்காத சோறு மாதிரி நெஞ்சிலேயே கிடந்தது.

*

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா?

மற்ற பிள்ளைகள் சாயங்காலம் வருவார்கள். ஆவுடை விடிகாலையில் வந்தாள். டீச்சரின் தம்பியும் தம்பி மனைவியும் டீக்கடை திறக்கப் போய்விட்ட நேரம். டீச்சர் வீட்டு மரப்பெஞ்சில் அவள் உட்காரமாட்டாள், கிறீச்சிடும் என்ற பயம். தரையில், கைக்கு எட்டாத தூரத்தில் உட்காருவாள்.

"சடைய முன்னால எடுத்துப் போட்டுக்கோட்டி. ஒக்காரும்போது இழுபடப் போகுது," என்பார் டீச்சர்.

ஆவுடை இல்லாத சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொள்வாள். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் கை அந்தரத்தில் போய் வரும்போது காதெல்லாம் சுடும்.

டீச்சர் அந்தக் காலை நேரத்திலேயே கிளிப்பச்சைச் சேலை கட்டியிருப்பார். ரோஸ் ஜாக்கெட். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். கொண்டையில் மருக்கொழுந்து. கண் இருந்த காலத்தில் பார்த்து மனதில் நின்ற நிறங்கள் அந்த இரண்டுதானாம். அதனால் கடைக்காரரிடம் அவற்றையே கேட்டு வாங்குவார். நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு.

"கண்ணாடி பாக்க முடியாதவளுக்கு இம்புட்டுச் சிங்காரம் யாருக்காம்?" என்று அத்தை கேட்பாள்.

ஆவுடைக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஒருநாள் கேட்டும்விட்டாள்.

"இதெல்லாம் யாரு பாக்கதுக்கு டீச்சர்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டீச்சர் மணிக்கட்டை உதறினார். வளையல்கள் சரிந்து சத்தம் போட்டன.

"எனக்குக் கேக்குதுல்லா?" என்றார். "மருக்கொழுந்து எனக்கு மணக்குது. சேல ஒடம்போட கெடக்குது. இன்னும் யாரக் கூப்பிடணும்?"

பிறகு, "நீ என்ன கலர் உடுத்தியிருக்க?" என்று கேட்டார்.

"காப்பித்தூள் கலர் டீச்சர்."

"நேத்து?"

"அதுவும் அந்தக் கலர்தான்."

"கடையில வேற துணி இல்லையா?"

"இல்ல டீச்சர்," என்றாள் ஆவுடை. இருட்டு நிறம்தான் உடம்பைக் காட்டாது என்று அத்தை எடுத்துக் கொடுத்ததை எப்படிச் சொல்வாள்?

*

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவளைப் பாட வைப்பது என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார்.

"பின்னால இருந்து பாடுத கதையெல்லாம் வேண்டாம். நீதான் என் கையப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போகணும். எங்க வாத்தியாருக்கு வயசாகிக் கால் நடுங்கும். நான்தான் கூட்டிட்டுப் போனேன். கண்ணு தெரியாதவ, காலு நடுங்குதவர். ரெண்டு பேரும் விழாமப் போய்ச் சேந்தோம்."

"ஒங்க தம்பி கூட்டிட்டு வரட்டுமே டீச்சர்."

"அவனா பாடப் போறான்?"

ஆவுடைக்கு ஊர் பார்ப்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் டீச்சரின் கை. மேடை ஏறும்போது அந்தக் கை அவள் மேற்கையைப் பிடிக்கும். பிடித்த உடனே தெரிந்துவிடும்.

*

கொடை அன்று சாயங்காலம் பந்தலுக்குப் பின்னால் தென்னந்தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். தம்பி டீச்சரைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார்த்திவிட்டு முன்வரிசையில் இடம் பிடிக்கப் போனார். டீச்சர் மடியில் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆவுடை வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பத்தடி தள்ளி, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றாள். வந்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

விழாக்குழு பரமசிவம், சட்டையில் குத்திய பட்டுப்பூவோடு ஓடிவந்தார்.

"டீச்சர், அடுத்தது ஒங்க பிள்ளைதான். எங்க?"

"இங்ஙனதான் எங்கயாவது நிப்பா. கூப்பிடுங்க."

"எனக்கு அடையாளம் தெரியாதே. எப்படி இருக்கும்?"

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல முகம் மலர்ந்தது.

"ஒல்லியா, நெடுநெடுன்னு இருப்பா. நீளக் கழுத்து. சடை இடுப்புக்குக் கீழ வரைக்கும் தொங்கும். சிரிச்சாக் குழி விழும். கூட்டத்துல நின்னாலும் தனியாத் தெரிவா, பாருங்க."

பரமசிவம் திரும்பினார். ஆவுடையை நேராகப் பார்த்தார். கண் அவள் மேல் விழுந்து, வழுக்கி, அவளைத் தாண்டிப் போனது.

பிறகு அவளிடமே கேட்டார்.

"ஏம்மா, இங்ஙன ஒல்லியா ஒரு பிள்ளை நின்னுச்சா? பாத்தியா?"

"பாக்கல," என்றாள் ஆவுடை.

அவர் போய்விட்டார். தன்னைத் தேடி வந்தவரிடம் தன்னைப் பார்க்கவில்லை என்று சொல்லியாகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பரமசிவம் திரும்பி வந்தபோது ஜிகினாப் பாவாடை கட்டிய ஒல்லிப் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்தார்.

"இதானே டீச்சர்?"

"நான் டான்ஸுக்கு வந்துருக்கேன்னு சொல்லச் சொல்ல இழுத்துட்டு வாராரு," என்றது அந்தப் பெண். "எனக்குப் பாட்டே வராது."

"என் பிள்ளை இல்ல," என்றார் டீச்சர்.

"அப்ப பயந்து ஓடிருச்சு. நான் வில்லுப்பாட்டுக்காரங்களக் கூப்பிடுதேன்."

"ஓடுத பிள்ளை இல்ல அவ." டீச்சரின் குரல் மாறியிருந்தது. "கெணத்துப் பக்கம் பாத்தீங்களா? இருட்டுல எங்கயும் விழுந்துருப்பாளோ?"

பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்தார். சுருதிப்பெட்டியைப் பெஞ்சில் வைத்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, "ஆவுடை," என்றபடி நடந்தார். பந்தல் கயிறு காலில் தட்டியது. தடுமாறி, தட்டியைப் பிடித்து நின்று, மறுபடி, "ஏட்டி ஆவுடை," என்றார். தரையெல்லாம் மைக்செட் வயர்.

ஆவுடை ஓடினாள். ஓடிப்போய்த் தன் கையைக் கொடுத்தாள்.

டீச்சரின் விரல்கள் அவள் மேற்கையைப் பற்றின. பற்றியபடியே நின்றன.

"யாரும்மா?"

"நான்தான் டீச்சர்."

குரல் தெரிந்த குரல். கைதான் தெரியாத கை. விரல்கள் தோள் வரை ஏறின. பிடரிக்குப் போயின. அங்கே முடி கழுத்தோடு நின்றிருந்தது. மறுபடி மேற்கைக்கு இறங்கி வந்தன.

ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னப் பெஞ்சுக்குக் கூட்டிட்டுப் போ," என்றார் டீச்சர்.

போனார்கள். உட்கார்ந்தார்கள். பெஞ்சு கிறீச்சிட்டது.

"நீ சொன்ன பிள்ளை யாரு?"

"எங்க கிளாஸ் சுகந்தி."

"பாடுவாளா?"

"கட்டக் குரல் டீச்சர். பேசுனாலே காது வலிக்கும்."

டீச்சர் சிரிக்கவில்லை.

"ஒரு வருசமா அவகிட்டதான் நான் பேசிட்டிருந்திருக்கேன்," என்றார். "நீ ஒரு ஓரமா இருந்து கேட்டுட்டுப் போயிருக்க."

ஆவுடைக்கு அழுகை வந்தது. அழக்கூட உரிமை இல்லை என்று பட்டது. பொட்டு வைத்து, பூ வைத்து, தன்னை முழுசாகக் கொண்டுவந்து ஒருவர் எதிரில் வைத்திருக்கிறார். அவரிடம் அவள் கொண்டுபோனது இன்னொருத்தியை.

"டீச்சர், மேட காலியா கெடக்குது," என்றார் பரமசிவம்.

"கெடக்கட்டும்," என்றார் டீச்சர். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நான் எப்படி இருக்கேன்?"

"டீச்சர்..."

"எனக்கும் யாரும் நெசம் சொன்னதில்ல. ஒன் கண்ணுக்கு என்ன தெரியுதோ அதச் சொல்லு."

ஆவுடை அவரைப் பார்த்தாள்.

"மொகமெல்லாம் அம்மத் தழும்பு டீச்சர். மூக்குக்குப் பக்கத்துல இருக்கது பெரிய குழி. முன்பல்லு ரெண்டும் வெளிய நிக்கும். ஒரு கண்ணு மூடி இருக்கும், இன்னொண்ணு பால் மாதிரி இருக்கும். பொட்டு இன்னைக்குக் கொஞ்சம் எடது பக்கம் போயிருச்சு. பச்சைக்கும் ரோஸுக்கும் சேரவே சேராது, ஆனா தெருமுனையில திரும்பும்போதே நீங்கதான்னு தெரிஞ்சுரும். மேல பாடும்போது கழுத்துல ஒரு நரம்பு எந்திரிக்கும். அதப் பாத்துத்தான் நான் மூச்சு எடுப்பேன். அந்தச் சமயம் பல்லு பூராத் தெரியும், மூடணும்னே ஒங்களுக்குத் தோணாது. எனக்கு அதப் பாத்துட்டே இருக்கலாம் போல இருக்கும்."

டீச்சர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப எந்தச் சுருதியில சொன்ன?"

"தெரியல டீச்சர்."

டீச்சர் சுருதிப்பெட்டியை எடுத்தார். தடவிப் பார்த்து ஒரு கட்டையைத் திறந்தார். துருத்தியை அமுக்கினார். அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற தாழ்ந்த நாதம் எழுந்தது.

"இதுல," என்றார். "இதுலயே ஒன்னச் சொல்லு."

பரமசிவம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜிகினாப் பாவாடைக்காரி போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"நான்..." என்றாள் ஆவுடை. "நான் குண்டா..."

குரல் கிறீச்சென்று உச்சிக்குப் போய் உடைந்தது.

டீச்சர் தலையை ஆட்டினார். "மேல போயிட்ட. எறங்கி வா."

துருத்தி நிற்கவில்லை. ஆவுடை மூச்சை இழுத்தாள். குனிந்துகொண்டு இழுத்ததால் பாதிதான் வந்தது. முதுகை நிமிர்த்தினாள். நெஞ்சு விரிந்தது. தாவணி ஒரு பக்கம் சரிந்தது. அவள் அதை இழுத்துவிடவில்லை.

"நான் குண்டா இருப்பேன் டீச்சர்," என்றாள். "கறுப்பு. மொகத்துல பரு இருக்கு. முடி கழுத்தோட நின்னுருச்சு."

பெட்டியின் நாதமும் அவள் குரலும் ஒன்றாகவே போயின.

டீச்சர் துருத்தியை மூடினார். எழுந்து நின்று, ஆவுடையின் மேற்கையை நன்றாகப் பற்றிக்கொண்டார்.

"மேடைக்குப் படி எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.