அடுத்த புதன்கிழமை

"இந்தப் பெட்டிய இனி என்னால தூக்க முடியாது சாமி."

ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போடும் நர்ஸ் இன்பரசி சொன்னாள். பெட்டி தோளிலேயே தொங்கியது.

மடத்துச் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கனமா?"

"நாலு கிலோ."

"எங்க தண்ணிக்குடம் அதைவிடக் கனம். விஷயத்தைச் சொல்லு."

"மேலத் தெருவுல இரட்டைப் பொண்ணுங்க. ஆறாம் வாரம் ரெண்டு பேருக்கும் ஊசி போட்டேன். பதினாலாம் வாரம் மூத்தவளுக்கு மூக்கு ஒழுகுச்சு. இளையவளுக்கு மட்டும் போட்டேன். மூத்தவள அடுத்த புதன்கிழமை கொண்டுவரச் சொன்னேன்."

"சளி இருந்தா போடக் கூடாதா?"

"போடலாம். எனக்குத் தெரியும். ஊசியாலதான் சளி வந்துச்சுன்னு ஊர் பேசுமேன்னு பயந்தேன்."

சாமி ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"அடுத்த புதன்கிழமை?"

"மழை. அதுக்கடுத்த புதன் அவங்க செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தாங்க. மூணாவது புதனும் வரல. ஊசிய தள்ளிப்போட்ட இருபத்தாறாம் நாள் மூளைக்காய்ச்சல்ல போயிட்டா."

"முதல்ல ஒண்ணு போட்டியே. போதாதா?"

"போதாது சாமி. அந்தக் கிருமி சர்க்கரையைப் போர்த்திக்கிட்டு வரும். பச்சை உடம்புக்கு அது எதிரின்னு தெரியாது. அந்தச் சர்க்கரையை, உடம்பு அடையாளம் கண்டுக்கிற வேற ஒண்ணோட சேர்த்து ஊசியில காட்டுறோம். அப்பவும் ஒரு தடவையில பிடிபடாது. நாள் பார்த்துத் திரும்பக் காட்டணும்."

"குழந்தை பேரு?"

"வைக்கல. ரெண்டு பேருக்கும் சேர்த்து வைக்கலாம்னு இருந்தாங்க. கார்டுல 'குழந்தை ஒன்று'ன்னு நான்தான் எழுதினேன்."

சாமி கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

"இளையவ?"

"ஒன்பது மாசம் முடிஞ்சிடுச்சு. இன்னைக்கு அவளுக்கு அதே ஊசியோட கடைசித் தவணை. இந்த வாசல் வரைக்கும் வந்துட்டேன். இதுக்கு மேல கால் வரல. அவ அம்மா முகத்த எப்படிப் பார்ப்பேன்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. கேட்டுட்டுப் போறேன்."

அழுதாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

சாமி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"மூக்கு ஒழுகுதே. அடுத்த புதன்கிழமை வா, சொல்றேன்."

துடைத்த கை அப்படியே நின்றது.

சாமி மறுபடியும் கீரை ஆய்ந்தார்.

இன்பரசி பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். ஊசி மருந்தைச் சுற்றியிருந்த நான்கு ஐஸ் கட்டிகளும் ஓரத்தில் கரையத் தொடங்கியிருந்தன. மூடினாள்.

"மேலத் தெருவுக்குக் குறுக்குவழி இருக்கா சாமி?"

சாமி கீரைத் தண்டால் காட்டினார்.