சிவப்புப் பிரதியும் நீலப் பிரதியும்

கிறிஸ்தவ ஊழியம் செய்யும் ஓர் அம்மாவின் தோள்பையில் ஒரு காலத்தில் இரண்டு கைப்பிரதிக் கட்டுகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் சிவப்பு எழுத்து, மற்றதில் நீல எழுத்து. இரண்டுக்கும் ஆகவே ஆகாது.

“நான் உள்ளதைச் சொல்கிறேன். நீ சீனி தடவிக் கொடுக்கிறாய்” என்று சிவப்பு குத்திக் காட்டும்.

“நான் கண்ணீரைத் துடைக்கிறேன். நீ வாயைத் திறந்தாலே ஆள் ஓடிவிடுகிறான்” என்று நீலம் திருப்பிக் கொடுக்கும்.

அந்த அம்மாவின் பெயர் அன்னபாக்கியம். சனிக்கிழமைதோறும் பேருந்து நிலையத்தில், தேவ செய்தி அச்சிட்ட கைப்பிரதித் தாள்களைக் கொடுப்பார். எதிரில் வருபவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்; உடனே கை பைக்குள் போகும். பரட்டைத் தலை, அழுக்குச் சட்டை என்றால் சிவப்பு. இஸ்திரி போட்ட சட்டை, கையில் வேதப்புத்தகம் என்றால் நீலம். பல வருஷப் பழக்கம். தன் கணிப்பு தப்பியதே இல்லை என்று அவருக்கு நம்பிக்கை.

அன்று, புறப்படத் தயாராக நின்ற ஒரு பேருந்தில் ஏறினார். நடு இருக்கையில் இரண்டு பேர். ஜன்னலோரம் வெள்ளை வேட்டியும் வேதப்புத்தகமுமாக இராஜரத்தினம். அவர் பக்கத்தில் தாடியோடு சுடலைமணி. மடியில் ஒரு பொட்டலம், அதைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கியது.

“குடிச்சே அழியுதியே தம்பி, இதப் படி” என்று சிவப்பை அவரிடம் நீட்டினார் அன்னபாக்கியம். “ஐயாவுக்கு இது” என்று நீலத்தை இராஜரத்தினத்திடம் கொடுத்துவிட்டு, முன்வரிசைகளுக்குப் போனார்.

சுடலைமணி எழுத்துக்கூட்டிப் படித்தார். “நீ போகிற வழி அழிவில் முடியும்.”

சிவப்பு நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தது.

“நாலு நாளாத் தொடலயே” என்று அவர் தனக்குள் முனகினார். “விட்டதுனாலதான கை ஆடுது. மூணு வருஷம் கழிச்சு மகளப் பாக்கப் போறேன். மன்னிப்பாளோன்னு ஒரு ஆசை. இந்த வழியும் அழிவுதான்னு சாமியே எழுதி அனுப்பிட்டாரு.”

சிவப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயையோ, இந்த வழியை நான் சொல்லவில்லையே!” என்று கதறியது. ஆனால் அதில் இருந்தது அந்த ஒரே வரிதான். அதற்கு மேல் சொல்ல அதனிடம் எதுவும் இல்லை. சுடலைமணி எழுந்தார். கைப்பிரதி கீழே விழுந்தது, பொட்டலம் இருக்கையிலேயே கிடந்தது. பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டார்.

பக்கத்தில் இராஜரத்தினம் நீலத்தால் விசிறிக்கொண்டே கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

“பத்திரத்த ரெடியா வையும் வே. தங்கச்சிகிட்ட இன்னைக்கே கையெழுத்து வாங்கிருதேன். புருஷன் போனவளுக்கு எதுக்கு வீடு? புள்ளைகளக் கூட்டிட்டு எங்கயும் போட்டும். எனக்கும் மனசுல ஒரு உறுத்தல் இருக்கத்தான் செஞ்சுது. இப்பதான் ஒரு கைப்பிரதி வந்துது, ‘உன்னைத் தேடி ஒருவர் வருகிறார்; அவர் உன்னைக் கைவிடமாட்டார்’னு. உறுத்தல் போயிட்டு.”

“நானா போக்கினேன்? நானா?” என்று துடித்தது நீலம். விசிறிய கையிலிருந்து நழுவி, அது சிவப்பின் அருகே விழுந்தது.

திரும்பி வந்த அன்னபாக்கியத்தின் காதில் இராஜரத்தினம் பேசியதெல்லாம் விழுந்தது. நின்றுவிட்டார். தேவ வார்த்தை காலில் மிதிபட அவர் ஒருநாளும் விட்டதில்லை. குனிந்து இரண்டையும் எடுத்தார். சிவப்பின் கீழ் ஓரமும் நீலத்தின் மேல் ஓரமும் வளைவுக்கு வளைவு பொருந்தின.

அச்சகத்திலிருந்து அது ஒரே தாளாகத்தான் வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டும் எதற்கு, ஆளைப் பார்த்துக் கொடுத்தால் போதும் என்று, வீட்டில் கத்தரிக்கோலை எடுத்து நறுக்கியது அவரேதான். இப்போது இரண்டையும் சேர்த்துப் படித்தார்: ‘நீ போகிற வழி அழிவில் முடியும். உன்னைத் தேடி ஒருவர் வருகிறார்; அவர் உன்னைக் கைவிடமாட்டார்.’

“ஐயா, இதையும் படிங்க” என்று சிவப்பை நீட்டினார்.

இராஜரத்தினம் அதைப் பார்த்துச் சிரித்தார். “என்னம்மா, இது குடிகாரங்களுக்கு உள்ளதுல்லா?”

அன்னபாக்கியம் பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பினார்; ஆள் இல்லை. இருக்கையில் கிடந்த பொட்டலத்தைப் பார்த்தார். நடுங்கிய கை எழுதிய கோணல் எழுத்தில், ‘எம் மகளுக்கு’ என்று இருந்தது. உள்ளே கண்ணாடி வளையல்கள். அதை அள்ளிக்கொண்டு பதறி இறங்கினார்.

“தம்பி! தம்பி! இன்னும் பாதி இருக்குய்யா!”

கூட்டத்தில் சுடலைமணியைக் காணவில்லை. முதுகுக்குப் பின்னால் விசில் ஊத, பேருந்து தங்கச்சியின் ஊரைப் பார்த்துப் புறப்பட்டுவிட்டது.

அன்னபாக்கியத்தின் கையில் சிவப்பும் நீலமும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. முதன்முறையாக அவை சண்டை போடவில்லை.

“இப்போது நாம் முழுச் செய்தி” என்றது நீலம்.

“யாரிடம் சொல்ல?” என்றது சிவப்பு.