பீமுக்கு ஒரு சும்மாடு

முறுக்கு வித்துக்கிட்டுக் கெடந்த பலவேசம், நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல கரண்டி பிடிச்சு கொத்தனாரு ஆனாரு. தொழில் சொல்லிக்குடுத்தவ ரோசம்மா மேஸ்திரி. குரு சிஷ்யனைவிடப் பத்து வயசு எளையவ.

சிஷ்யனுக்கு வேலை வந்துச்சோ இல்லியோ, குருவோட குரலு வந்துருச்சு. "அண்ணாச்சி, மட்டம் பாருங்க"ன்னு அவ சொல்லி வாயை மூடல, "அண்ணாச்சீ, மட்டம் பாருங்கோ"ன்னு மூக்கால இழுப்பாரு. சாரத்துல நிக்கவன் சிரிச்சே விழுந்துருவான்.

அப்படியாப்பட்ட மனுசன், தானே கட்டுன வீட்டுல, இடிஞ்ச சுவத்துக்கு முன்னால குந்தியிருந்தாரு. சுவரு விழுந்து மூணு நாளாச்சு. அடியில மாட்டுனது பொண்டாட்டி செல்லக்கனி. இடுப்புக்குக் கீழ இனி உணர்வு வராதுன்னு டாக்டரு கைய விரிச்சுட்டாரு.

"மேஸ்திரியம்மா, முந்நூறு ஹாலோ பிளாக்கு. ஒண்ணுகூட சொத்தையில்ல. பெறகு ஏன் விழுந்துச்சு?"

பாக்க வந்த ரோசம்மா குனிஞ்சா. விழுந்த கல்லுல ஒண்ணைத் தூக்குனா. அதோட மூலையை அவரு வழுக்கைத்தலை உச்சியில வச்சு அமுக்குனா.

"ஐயோ! குத்துதும்மா!"

"ஆளு எண்பது கிலோ இருக்கீங்க. இத்தனை ஒடம்பு இருந்தும் ஏன் குத்துது?"

"சும்மாடு இல்லாம வச்சா குத்தாதா?"

"பீமுக்கு வச்சீங்களா?"

வைக்கல. கூரையைத் தாங்குற இரும்பு பீமு உக்காருற எடத்துல கல்லுப் பொந்துல கான்கிரீட்ட ரொப்பி, மேல அகலமா ஒரு தாங்குகல்லு போடணும். அவ சொல்லிக்குடுத்ததுதான். அரை நாள் வேலை. பொந்துக்கல்லு மேலயே பீமை எறக்கிட்டு, "தாங்கும்டா"ன்னு தட்டிக்குடுத்துட்டுப் போயிட்டாரு.

"அந்தப் பாழாப்போன சுவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா!"

"பீமுக்கு அடியில பொடி கொட்டலையா?"

ஆறு மாசம் கொட்டுச்சு. தெனம் விடிஞ்சா செல்லக்கனி வாரியலோட வந்து நிப்பா. "இந்தாங்க, பொடி கொட்டுதுங்க." அவரு விடுவாரா? "இந்தாங்கோ, பொடி கொட்டுதுங்கோ!" வீடே சிரிக்கும். அவளும் சிரிச்சுக்கிட்டே பெருக்குவா.

"கொட்டுச்சு"ன்னாரு பலவேசம்.

ரோசம்மா கல்லைக் கீழ வச்சா.

"யாரு பெருக்குனா அண்ணாச்சி?"

அவரு வாயைத் தெறந்தாரு. அதுல எந்தக் குரலும் வரல.